குதிரை கேள்வி – பதில்: பட்டினி கிடந்த குதிரைக்கு முதல் நாள் என்ன கொடுப்பது?

கைவிடப்பட்ட குதிரைகள், குதிரைச் சந்தை, புரவி வழிபாடு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் குதிரை மருத்துவமும் லாயப் பராமரிப்பும் அறிந்தவர்கள் இங்கே பதில் தருகிறார்கள்.

எங்கள் தோட்டத்துப் பக்கம் யாரோ ஒரு மட்டக் குதிரையை அவிழ்த்து விட்டுப் போய்விட்டார்கள். விலா எலும்பை எண்ணிவிடலாம், அப்படி இளைத்திருக்கிறது. கொள்ளை வேகவைத்துப் போட்டால் பத்தே நாளில் தேறிவிடும் என்கிறார் ஊர்ப் பெரியவர் ஒருவர். எவ்வளவு போடலாம்?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

முதல் பத்து நாளைக்குக் கொள்ளே வேண்டாம். கம்பு, சோளம், அரிசிக் கஞ்சி, வெல்லம், தவிடு எதுவும் வேண்டாம். பட்டினியில் பிழைத்து நின்ற குதிரை, இரக்கப்பட்டுப் போட்ட தீனியால் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ செத்துப்போவது மீட்பு வேலையில் அடிக்கடி நடக்கிற கொடுமை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துத்தான் உயிர் வாழ்கிறது. அந்த நிலையில் மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் திடீரென்று உயரும். சர்க்கரை செல்களுக்குள் நுழையும்போது பாஸ்பரஸ், மெக்னீசியம், பொட்டாசியம் மூன்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். இளைத்த உடம்பில் இவற்றின் இருப்பு ஏற்கெனவே குறைவு. ரத்தத்தில் இவை சட்டென்று இறங்கியதும் இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சுத் தசை தளரும், குதிரை விழுந்துவிடும். முந்தின நாள் ஆவலாகத் தின்ற குதிரை காலையில் செத்துக் கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

கொடுக்க வேண்டியது குதிரை மசால், அதாவது லூசர்ன் என்ற தீவனப் பயிர். மாவுச்சத்து குறைவு, புரதம், பாஸ்பரஸ், மெக்னீசியம் அதிகம். உங்கள் பகுதியில் மாட்டுக்காகப் பயிரிடுகிறவர்கள் இருப்பார்கள், கேட்டால் கிடைக்கும்.

முதலில் எடை தெரிய வேண்டும். தையல் நாடாவை முன்னங்காலுக்குப் பின்னே, சேணப்பட்டை இறங்கும் இடத்தில், நெஞ்சைச் சுற்றிப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். பிறகு தோள் முனையிலிருந்து பின்புட்டத்தின் கடைசி எலும்புவரை நீளம். இரண்டும் சென்டிமீட்டரில். நெஞ்சளவை நெஞ்சளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வரும். நெஞ்சளவு 150, நீளம் 135 என்றால் சுமார் 255 கிலோ.

இந்த எடையுள்ள குதிரைக்கு முதல் மூன்று நாள், இரவும் பகலும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இலை அதிகமுள்ள காய்ந்த மசால் கால் கிலோ. ஒரு நாளைக்கு மொத்தம் ஒன்றரை கிலோ. பச்சை மசால்தான் கிடைக்கிறது என்றால் நிழலில் ஒருநாள் வாட்டுங்கள். பச்சையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால், வாட்டுவதற்கு முன் எடைபோட்டால் வேளைக்கு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். நான்காம் நாளிலிருந்து அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வேளையைக் குறைத்து, ஆறாம் நாளில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு கிலோ என்ற அளவுக்கு வாருங்கள். பத்து நாள் கழித்துத் தின்கிற அளவு தரலாம். சோளத்தட்டை, உலர்ந்த புல்லையும் சேர்க்கலாம். கொள்ளு அதற்கும் பிறகு, மருத்துவர் சரி என்ற பின், ஊறவைத்துக் கைப்பிடி அளவில்.

தண்ணீர் முதல் ஒரு மணி நேரம் மூன்று, நான்கு லிட்டராகக் கால் மணி நேர இடைவெளியில். பிறகு எப்போதும் முன்னால் இருக்கட்டும். தோள்பட்டைத் தோலை விரலால் கிள்ளி விடுங்கள். இரண்டு நொடிக்கு மேல் மடிப்பாகவே நின்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது, சொட்டு மருந்து ஏற்ற மருத்துவர் வேண்டும்.

காலையும் மாலையும் மூன்று எண்களை நோட்டில் எழுதுங்கள். ஆசனவாயில் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. மூச்சு 8 முதல் 16. ஓய்வாக நிற்கும் குதிரையின் நாடி 60-ஐத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது. லத்தி போடுவது நின்றாலோ, குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, மண்ணில் புரண்டாலோ வயிற்றுவலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. எண்ணெயோ கஷாயமோ வாயில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குப் போய்விட்டால் பிழைப்பது கடினம்.

குடற்புழு மருந்தையும் முதல் நாளே கொடுத்துவிட வேண்டாம். புழுக்கள் ஒரே நேரத்தில் மொத்தமாகச் செத்தால் இளைத்த குடல் தாங்காது. லத்தியைப் பரிசோதித்து, குதிரை கொஞ்சம் தேறிய பின் மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்கலாம். சரியான எடைக்கு வர மூன்று முதல் ஐந்து மாதம் பிடிக்கும். பத்து நாளில் தேற்ற நினைத்தால் குதிரையை இழக்கத்தான் நேரும்.

ஊட்டி, குன்னூர் சாலைகளில் இரவில் குதிரைகள் குப்பைத் தொட்டியைக் கிளறுகின்றன. அவற்றை நாங்களே பிடித்து ஒரு காப்பகத்துக்கு அனுப்பிவிடலாமா?
– வாசகி, குன்னூர்

நேரடியாகப் பிடித்து அனுப்பாதீர்கள். சுற்றுலா சவாரிக்குப் பயன்படும் குதிரைகளை இரவில் மேயவிடும் வழக்கம் உண்டு. உரிமையாளர் உள்ள குதிரையைக் கொண்டுபோனால் உங்கள் மீதே திருட்டுப் புகார் வரும்.

முதலில் நேரமும் இடமும் தெரியும்படி படம் எடுங்கள்: இரண்டு பக்கவாட்டு, முகம், நான்கு கால், காயம். நகராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். வேண்டுமென்றே கொல்வது, ஊனப்படுத்துவது என்றால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு, ஐந்தாண்டுவரை சிறை. காவல்துறை பறிமுதல் செய்தால் வழக்கு முடியும்வரை குதிரையைக் காப்பகத்தில் வைக்கவும், அதன் செலவை உரிமையாளரிடம் வசூலிக்கவும் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வந்த 2017-ஆம் ஆண்டு விதிகளில் இடம் இருக்கிறது. அடிபட்டுக் கிடந்தால் 1962 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழையுங்கள், கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

குப்பையில்தான் பெரிய ஆபத்து. உணவு ஒட்டிய பிளாஸ்டிக் பை குடலில் பந்தாகத் திரண்டு அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சை தவிர வேறு வழியில்லை, அந்த வசதி மலையில் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. உங்கள் தெருத் தொட்டிக்கு மூடி போடச் சொல்லி நகராட்சியை நச்சரியுங்கள். பல குதிரைகளைக் காப்பாற்றும் வேலை அது.

ஆடி மாதம் அந்தியூர் சந்தையில் குதிரை வாங்க நினைக்கிறோம். சுழி பார்க்கத் தெரிந்த ஒருவரை அழைத்துப் போவது அவசியமா?
– வாசகர், பவானி

குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் அந்தச் சந்தையில் சுழி பேசாத பேரமே கிடையாது. நெற்றியில் இது இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது, கழுத்தில் அது இருந்தால் ராஜயோகம் என்று விலை ஏறும், இறங்கும். சுழி என்பது கருவிலேயே முடி வளரும் திசை திரும்பிய இடம், அவ்வளவுதான். அது குளம்பையோ குணத்தையோ குடும்பத்தையோ தொடுவதில்லை. ‘சுழி சரியில்லை’ என்று பெயர் வாங்கிய குதிரையோ கை மாறிக் கை மாறி, கடைசியில் எவர் கட்டுத்தறியிலும் இல்லாமல் சாலைக்கு வந்துவிடுகிறது. இது எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருகிற விஷயம்.

ஒரு வகையில் சுழி உண்மையாகவே பயன்படும். அது ஆயுள் முழுக்க இடம் மாறாது. அதனால் உலகெங்கும் குதிரைகளின் அடையாளச் சீட்டில் சுழிகளின் இடத்தைக் குறித்து வைக்கிறார்கள். வாங்கியதும் உங்கள் குதிரையின் சுழிகளைப் படமெடுத்து வையுங்கள். காணாமல் போனால் அதுதான் சாட்சி.

சுழிக்குப் பதில் வாயைத் திறந்து பாருங்கள். நடு முன்பற்கள் இரண்டரை வயதிலும், அடுத்தவை மூன்றரையிலும், ஓரத்துப் பற்கள் நாலரையிலும் விழுந்து முளைக்கும். மேல் தாடை ஓரப் பல்லில் ஈறை ஒட்டி ஒரு பழுப்புக் கோடு தொடங்கியிருந்தால் வயது பத்து. பாதிப் பல்வரை இறங்கியிருந்தால் பதினைந்து. அடிவரை வந்திருந்தால் இருபது. ஓரிரண்டு வயது முன்பின் இருக்கலாம், ஆனால் இருபதை எட்டாக விற்க முடியாது.

பிறகு கெட்டித் தரையில் நேர்கோட்டில் ஓடவிடச் சொல்லுங்கள். வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே போகும். வாயோரத்தையும் நாக்கையும் பாருங்கள். அங்கே பழைய தழும்பு இருந்தால் முள் வைத்த கடிவாளம் போட்டிருக்கிறார்கள். நாட்டியக் குதிரை என்று விற்கப்படுபவற்றில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகளிலேயே முள் கடிவாளம் தடை செய்யப்பட்டது. வலி மருந்து போட்டு நிறுத்தியிருக்கலாம் என்பதால், பிடித்த குதிரையை மாலையில் ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை பாருங்கள்.

இனம் பற்றியும் ஒரு வார்த்தை. காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடுவது மார்வாரி, கத்தியவாரி இரண்டுக்கும் உரிய லட்சணம். முன்னது ராஜஸ்தான், பின்னது குஜராத்தின் சௌராஷ்டிரம். தமிழ்நாட்டுக்கென்று பதிவுபெற்ற குதிரை இனம் எதுவும் இல்லை. ‘நாட்டுக்குதிரை’ என்று விற்பது பெரும்பாலும் கலப்பு. அதில் குறை ஒன்றும் இல்லை. நம் வெயிலுக்குப் பழகிய கலப்பு மட்டங்கள் அருமையாக உழைக்கும்.

குளம்பு நீண்டு செருப்பு மாதிரி வளைந்துவிட்ட கிழக்குதிரையை எடுத்து வந்திருக்கிறோம். ஒரே தடவையில் வெட்டிவிடலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

கூடாது. குளம்பு நீண்டபோது காலின் தசைநாணும் மூட்டும் அந்தச் சாய்வுக்குத் தக்கபடி இழுபட்டு நிற்கின்றன. ஒரே நாளில் சரியான கோணத்துக்குக் கொண்டுவந்தால் நாண் விண்ணென்று இழுத்து, நடக்கவே முடியாமல் போகும். கூடவே உயிர்த்தசையும் முன்னால் வளர்ந்திருக்கும். வெட்டினால் ரத்தம் வரும். லாடம் கட்டுபவரிடம் இரண்டு, மூன்று வார இடைவெளியில் மூன்று, நான்கு தவணையாகக் குறைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் முதல் தடவைக்கு முன் எக்ஸ்ரே எடுங்கள், உள்ளெலும்பு எங்கே நிற்கிறது என்று தெரியும். சரியான பிறகு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவினால் போதும்.

தினமும் நான்கு குளம்பையும் தூக்கிச் சுரண்டுங்கள். அடியில் முக்கோணமாக, ரப்பர் போல இருக்கும் மெத்தைப் பகுதியின் இரு பக்கப் பள்ளத்தில் கறுப்பாகக் கசிந்து அழுகல் நாற்றம் அடித்தால், ஈரத் தரையில் நின்று அழுகுகிறது. தரையைக் காய வைக்காமல் மருந்து மட்டும் போட்டுப் பயனில்லை. நேற்றுவரை நன்றாக நடந்த குதிரை இன்று ஒரு காலைத் தரையிலேயே வைக்கவில்லை என்றால், கால் முறிந்துவிட்டதோ என்று பதறுவதற்கு முன் குளம்பைத் தொட்டுப் பாருங்கள். அந்த ஒன்று மட்டும் சுட்டால் பெரும்பாலும் உள்ளே சீழ் கட்டியிருக்கும். திறந்துவிட்டால் அன்றே ஊன்றும். முன்னங்கால் இரண்டும் சுட்டு, குதிரை உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றால் அது குளம்பழற்சி. தானியத்தை உடனே நிறுத்தி, காலைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்து, அன்றே மருத்துவரை வரவழையுங்கள்.

கறிக்கோழிப் பண்ணையில் மிஞ்சும் தீவனத்தைக் குதிரைக்குப் போடலாமா? புரதம் நிறைய இருக்கிறதே?
– வாசகர், பல்லடம்

ஒரு பிடிகூட வேண்டாம். கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராமலிருக்க அதில் மொனென்சின் போன்ற மருந்துகள் கலக்கப்படுகின்றன. கோழி தாங்கும். குதிரைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராமே உயிரைப் பறிக்கும். கோழித் தீவனத்தில் வழக்கமாகக் கலக்கும் அளவில் பார்த்தால் ஐந்தாறு கிலோவில் ஒரு மட்டக் குதிரை முடிந்துவிடும். இதயத் தசையே சிதைகிறது. மாற்று மருந்து கிடையாது. வியர்வை, தள்ளாட்டம், தீனி மறுப்பு ஆகியவை முதல் அறிகுறிகள். பிழைத்தாலும் இதயம் பழுதாகியிருக்கும், பிறகு ஒருநாள் ஓடும்போது சுருண்டு விழலாம். கோழித் தீவனம் அரைத்த அதே இயந்திரத்தில் அரைத்த குதிரைத் தீவனத்தையும் வாங்காதீர்கள். மூட்டைகளைக் குதிரைக்கு எட்டாத அறையில் பூட்டி வையுங்கள்.

குதிரை நம் மண்ணின் விலங்கே இல்லை என்கிறார்கள். பின் ஏன் ஊருக்கு ஊர் அய்யனார் குதிரை?
– வாசகி, காரைக்குடி

வெளியிலிருந்து வந்ததால்தான் அதற்கு அத்தனை மதிப்பு. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே வந்த குதிரைகளைப் பட்டினப்பாலையே ‘நீரின் வந்த நிமிர்பரிப் புரவி’ என்கிறது. மாணிக்கவாசகர் கதையில் பாண்டியன் பொன் கொடுத்தனுப்பியதும் குதிரை வாங்கத்தான். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர்கள் ஆயிரக்கணக்கில் அரபு, பாரசீகக் கரையிலிருந்து குதிரை வாங்கியதையும், ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு மிஞ்சாததையும் எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் காரணம் குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இங்கே இல்லை என்பது. விற்ற வணிகர்களும் அப்படிப்பட்டவர்களை வரவிடவில்லையாம், குதிரை சாகச் சாக வியாபாரம் நடக்குமே. சோறும் வேகவைத்த இறைச்சியும் தீனியாகப் போட்டதையும் அவர் குறிப்பிடுகிறார். புல் செரிக்கப் பிறந்த குடலுக்கு அது எப்படி ஒத்துக்கொள்ளும்?

அரசனுக்கே அரிதான அந்த விலங்கை ஊர் காக்கும் தெய்வத்துக்கு மண்ணில் செய்து கொடுத்தார்கள் குயவர்களான நம் வேளார்கள். மண்குதிரைகளைக் கோயிலுக்குத் தூக்கிச் செல்லும் உங்கள் சிவகங்கைப் பக்கத்துப் புரவி எடுப்பில் ஊரார் பிடிமண் கொடுத்த பிறகுதானே குயவர் வேலை தொடங்குகிறது? புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் முப்பது அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் குதிரைக்கு மாசி மகத்தில் காகித மாலைகளாக வந்து குவியும். ஒரு தடவை போய்ப் பாருங்கள், தலைமுதல் கால்வரை மாலைதான் தெரியும்.

எங்கள் வயதான குதிரையைக் கோயிலுக்கு நேர்ந்து விட்டுவிடலாமா?
– வாசகர், மேலூர்

மண்குதிரைக்குத் தீனி வேண்டாம், உயிர்க்குதிரைக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீரும், உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு பங்கு உலர்தீவனமும், நிழலும் வேண்டும். கோயிலில் இதற்கென்று ஆளும் இடமும் இருந்து, எழுத்தில் ஏற்றுக்கொண்டால் கொடுங்கள். வாசலில் கட்டிவிட்டு வந்தால் அது கைவிடுதல். பக்தர்கள் ஊட்டும் சர்க்கரைப் பொங்கலும் வாழைப்பழமும் பல் தேய்ந்த கிழக்குதிரைக்கு வயிற்றுவலியைத்தான் தரும்.

வண்டிக் குதிரையை உச்சி வெயிலில் ஓட்டுகிறார்கள். சட்டம் ஏதாவது உண்டா?
– வாசகர், சென்னை

உண்டு. 1965-ஆம் ஆண்டு விதிகளின்படி வண்டி இழுக்கவும் சுமை சுமக்கவும் ஒரு நாளைக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடைவெளியில்லாமல் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணிவரை வேலையே கூடாது. மட்டக் குதிரை முதுகில் ஏற்றும் சுமைக்கு உச்சவரம்பு 70 கிலோ. புகார் எழுதும்போது இந்த எண்களையும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

விழுந்து கிடக்கும் குதிரையை எப்படி எழுப்புவது?
– வாசகர், திண்டுக்கல்

வாலையோ கழுத்தையோ இழுத்து எழுப்பக் கூடாது. முதலில் பக்கவாட்டில் கிடப்பதைத் திருப்பி, நெஞ்சு தரையில் படும்படி உட்கார வைத்து, இரு பக்கமும் வைக்கோல் கட்டு முட்டுக்கொடுங்கள். கீழே இருக்கும் கண்ணுக்கு மெத்தென்று துணி வையுங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் தன் எடையே அடிப்பக்கத் தசையை நசுக்கிச் சாகடித்துவிடும். கால்களுக்கு நேரே ஒருபோதும் நிற்காதீர்கள், முதுகுப் பக்கமிருந்தே வேலை செய்யுங்கள். குழியிலோ கிணற்றிலோ விழுந்திருந்தால் தீயணைப்புத் துறையை 101 என்ற எண்ணில் அழைத்து, அகலப் பட்டையை முன்னங்காலுக்குப் பின்னும் அடிவயிற்றிலும் கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள்.

எலும்பும் தோலுமாக இளைத்து, 72 மணி நேரமாகத் தானாக எழ முடியாமல் கிடக்கும் குதிரை பிழைப்பது மிக அரிது. அப்போது மருத்துவரிடம் வலியில்லாத முடிவைக் கேட்பது கைவிடுதல் ஆகாது.

வெளியூரிலிருந்து மீட்ட குதிரையை எங்கள் லாயத்தில் மற்றவற்றோடு எப்போது சேர்க்கலாம்?
– வாசகி, ஓசூர்

30 நாள் தனியாக வைத்த பிறகு. வந்த அன்றே ரத்தம் எடுத்து மருத்துவர் மூலம் ஹரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்புங்கள். கிளாண்டர்ஸ் நோய்க்கும் குதிரைத் தொற்று ரத்தசோகைக்கும் பரிசோதனை கேளுங்கள். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும், உயிரையும் எடுக்கும். ஒட்டும் மஞ்சள் சளி, மூக்கின் உள்ளே புண், காலிலும் உடம்பிலும் வரிசையாக உடையும் கட்டிகள் இருந்தால் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் அருகில் போகாதீர்கள். அறிவிக்க வேண்டிய நோய் அது. மறைத்து வைப்பது சட்டப்படி குற்றம். விட்டு விட்டுக் காய்ச்சலும், கால், வயிற்றடி வீக்கமும் இருந்தால் மாட்டு ஈ பரப்பும் சர்ரா நோய்க்கும் ரத்தம் பாருங்கள்.

தடுப்பூசி வரலாறு தெரியாத குதிரைக்கு டெட்டனஸ் ஊசி முதல் வாரமே வேண்டும். குதிரையைப்போல் டெட்டனஸுக்கு எளிதில் இரையாகும் வீட்டுவிலங்கு வேறில்லை. காயம் இருந்தால் கொதித்து ஆறிய தண்ணீர் லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்து கழுவுங்கள். மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் வேண்டாம். நாய்க்கடி வாய்ப்புள்ள ஊர் என்றால் வெறிநாய்த் தடுப்பூசியும் சேர்த்துப் போடுங்கள்.

பரிசோதனை முடிவு வரும்வரை அந்தக் குதிரைக்குத் தனி வாளி, தனித் தூரிகை, தனி முகக்கயிறு. ஒரே ஆள்தான் எல்லாவற்றையும் கவனிக்கிறார் என்றால் மற்றக் குதிரைகளின் வேலையை முடித்துவிட்டுக் கடைசியாக இதனிடம் வரட்டும்.